துண்டறிக்கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஆச்சி சபைக்கு ஏன் வருவதில்லை?

கேள்வி சுருக்கமாக இதுதான்: காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் ஒரு சபைக் குழு மூன்று வருடமாக வீடு வீடாகப் போய் நற்செய்தி சொல்கிறது. யாரும் விரட்டுவதில்லை. "வாங்க" என்கிறார்கள், மோர் கொடுக்கிறார்கள், துண்டறிக்கையை வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட ஒருவரும் சபைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. இது இருதயக் கடினமா, பணத்திமிரா, சாத்தான் கண்ணைக் கட்டியதா?

இந்த மூன்று பதிலையும் கொஞ்ச நாள் பரணில் போட்டுவையுங்கள். செட்டிநாட்டில் நம் செய்தியை மறுப்பவர்களில் பெரும்பாலோருக்கு இயேசுவோடு ஒரு சண்டையும் கிடையாது. அவரை ஏற்றால் பங்காளிகளின் பந்தியில் தன் இலை எடுபட்டுப்போகும் என்று அவர்களுக்குத் தெரிகிறது. அந்தக் கணக்கில் பெரிய பிழை ஒன்றும் இல்லை. வேறு சிலருக்குக் கொள்கை அளவிலேயே மறுப்பு இருக்கிறது, அதுவும் யோசித்துச் சொல்லும் மறுப்பு. இன்னும் சிலர் மறுப்பது நம்மை, நாம் பேசும் விதத்தை. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "ஏற்றுக்கொள்ளாதவர்கள்" என்று எழுதிவைத்தால் ஒன்றும் விளங்காது.

முதலில் அந்த வரவேற்பு. படியேறி வந்தவரை "வாங்க" என்று சொல்லாமல் இருப்பது செட்டிநாட்டில் பெரிய மரியாதைக் குறைவு. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வந்தாலும் அந்த ஒரு சொல் வந்துவிடும். அதை ஆர்வம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. துண்டறிக்கையும் அப்படித்தான். ஆச்சி அதை இரண்டு கையாலும் வாங்குவார். மேலே இயேசு படம் இருந்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார். கீழே போட மாட்டார், கால் படவிட மாட்டார். எழுத்து சரஸ்வதி, படம் சாமி. அது நேராகச் சாமி வீட்டுக்குப் போகும். பழனியாண்டவருக்கும் பிள்ளையார்பட்டிப் பிள்ளையாருக்கும் பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா ஏற்கெனவே இருந்தாலும் இருப்பார், இதுவும் அங்கே சாய்ந்து நிற்கும். "எல்லாச் சாமியும் ஒண்ணுதான்யா." வெளியே வந்து நோட்டில் "ஏற்றுக்கொண்டார்" என்று குறிக்கிறோம். அவரைப் பொறுத்தவரை வந்த சாமிக்கு ஓர் இடம் கொடுத்தாயிற்று, காரியம் முடிந்தது. மற்ற படங்களையெல்லாம் எடுத்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நம் செய்தி என்று அவருக்கு இன்னும் யாரும் சொல்லவே இல்லை. அதைச் சொல்லுகிற நாளில்தான் உண்மையான மறுப்பு வரும்.

அந்த மறுப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்க, செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் குடும்ப அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது நகரக் கோயில்கள். ஒவ்வொரு நகரத்தார் குடும்பமும் இவற்றில் ஒன்றைச் சேர்ந்தது. கல்யாணம் பேசும்போது முதல் கேள்வியே "எந்தக் கோயில்?" என்பதுதான், ஏனென்றால் ஒரே கோயில், ஒரே பிரிவு என்றால் அண்ணன் தங்கை முறை ஆகிவிடும். தாலி கட்டும் நாளில் இரண்டு வீட்டாருக்கும் அவரவர் கோயிலிலிருந்து மாலை வர வேண்டும். மாலை வந்தால்தான் அது சமூகம் ஏற்ற கல்யாணம். அதன்பின் அந்தத் தம்பதி கோயில் கணக்கில் ஒரு புள்ளி. புள்ளிக்கு வரி உண்டு, கோயில் காரியங்களில் பங்கும் உண்டு. ஆக, கோயில் இங்கே கும்பிடப் போகிற இடம் என்பதோடு நிற்கவில்லை. கல்யாணப் பதிவேடும் அதுதான், உறவுமுறைக்குச் சாட்சியும் அதுதான். பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் கொண்டுவிற்றுவந்த (வட்டித் தொழில் செய்துவந்த) காலத்தில்கூட லாபத்தில் ஒரு பங்கை மகமையாக எடுத்துக் கோயிலுக்கு வைத்தார்கள். தொழில் கணக்கிலேயே சாமிக்கு ஒரு பற்றுவரவு இருந்தது.

இந்தப் பின்னணியில் ஓர் இளைஞனிடம் "ஞானஸ்நானம் எடு" என்கிறோம். நம் காதில் அது பாவமன்னிப்பு, புது வாழ்வு. அவன் வீட்டார் காதில் அது வேறு: கோயில் மாலை வராது, புள்ளி ஏறாது, தங்கைக்கு வரன் பேசும்போது "அண்ணன் மதம் மாறிட்டானாமே" என்று ஒரு வார்த்தை வரும். தீர்மானம் ஒருவனுடையது, விலை கொடுப்பது வீடு முழுக்க. பத்தொன்பது வயதுப் பெண்ணின் கல்யாணத்தை எண்ணி ஓர் அப்பச்சி, அதாவது தகப்பனார், தயங்குவதை இருதயக் கடினம் என்று சொல்வது நியாயமாகப் படவில்லை.

அடுத்தது படைப்பு. நம் ஆட்கள் பலர் இதைச் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. குடும்பத்தில் இறந்துபோன முன்னோரை நினைத்து, பங்காளிகள் எல்லாரும் கூடி, புதுச் சேலையும் வேட்டியும் வைத்து, சமைத்துப் படைத்துக் கும்பிடுவது. வேலைக்காகச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள்கூட இதற்கு வந்துசேர்வார்கள். வருடத்தில் மற்ற நாளெல்லாம் பூட்டிக்கிடக்கும் வீடு அன்றைக்குத் திறக்கும். முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை ஆள். படைத்து முடிந்ததும் வயது வரிசைப்படி விழுந்து கும்பிட்டுத் திருநீறு வாங்குவார்கள், பிறகு பந்தி. புதிதாக விசுவாசத்துக்கு வந்த பையன் அங்கே என்ன செய்கிறான்? சபையில் சொல்லிக்கொடுத்தபடி கையைக் கட்டிக்கொண்டு தூணோரமாக நிற்கிறான். தாத்தாவான ஐயா திருநீற்றுத் தட்டோடு கையை நீட்டுகிறார், அவன் நெற்றியைக் கொடுக்கவில்லை. பாட்டியான ஆயா காலில் விழவில்லை. பந்தியில் "எனக்கு வேண்டாம், வெளியே சாப்பிட்டுக்கறேன்" என்கிறான். அத்தனை பங்காளியும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் மனதில் அது விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தொடாத உறுதி. அங்கே கூடியிருப்பவர்களுக்கு அது "எங்க ஆயாவை நீ ஆளாகவே மதிக்கலை". அதற்குப் பிறகு அந்த வீட்டில் நற்செய்திக்குக் காது கிடைக்காது. அந்த ஒரு பிற்பகலின் கசப்பு ஒரு தலைமுறை நிற்கும்.

இத்தனைக்கும் வேதத்தில் இதற்கு ஒரே வெட்டு பதில் கிடையாது. சிலைகளுக்குப் படைத்ததை உண்பதைப் பற்றி 1 கொரிந்தியர் 8-இலும் 10-இலும் பவுல் மணிக்கணக்கில் வாதாடுவது போல எழுதுகிறார்: முன்னால் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு, இது படைத்தது என்று ஒருவர் சொல்லிக்காட்டினால் அவர் மனச்சாட்சியை முன்னிட்டுச் சாப்பிடாதே. சீரியாக்காரன் நாகமான் தன் எஜமானோடு ரிம்மோன் கோவிலில் குனிய வேண்டியிருக்குமே என்று கேட்டபோது எலிசா அவனிடம் "சமாதானத்தோடே போ" என்றார் (2 இராஜாக்கள் 5). இந்தப் பகுதிகளை வைத்து எந்தச் சடங்கில் நிற்கலாம், எதில் நிற்க முடியாது என்று பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் பாதிச் சண்டை குறையும். பெரியவர் காலில் விழுவது மரியாதை, ஆராதனை ஆகாது என்று பல சபைகள் சொல்கின்றன. திருநீற்றைப் பற்றி ஒருமித்த கருத்து கிடையாது. இறந்தவருக்குப் படைப்பதில் பெரும்பாலான சபைகள் விட்டுக்கொடுப்பதில்லை. விட்டுக்கொடுக்காத இடத்திலும் ஒரு வழி உண்டு. படைப்புக்கு இரண்டு நாள் முன்னதாகவே ஐயாவிடம் தனியாக உட்கார்ந்து, "நான் இதில் நிற்க மாட்டேன், ஆனால் பந்தல் போடுவதிலிருந்து பாத்திரம் ஏற்றும்வரை கூடவே இருப்பேன்" என்று சொல்லிவிடுவது. கூடியிருக்கும் பங்காளிகள் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதால்தான் மானம் போகிறது.

சொத்து விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் செட்டிநாட்டு வீடு பல பங்காளிகளுக்குப் பொது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, மதம் மாறியவருக்கு அதன்பின் பிறக்கும் பிள்ளைகள் தங்கள் இந்து உறவினர் சொத்துக்கு வாரிசாக முடியாது, அந்த வாரிசுரிமை திறக்கும் நேரத்தில் அவர்கள் இந்துவாக இருந்தாலொழிய. மாறியவரின் சொந்த வாரிசுரிமை இந்தப் பிரிவால் போவதில்லை, உயில் எழுதிக் கொடுப்பதற்கும் தடையில்லை. ஆனால் மதம் மாறினால் கூட்டுக்குடும்பத்திலிருந்து பிரிந்ததாகிவிடும். துணைவர் மதம் மாறினால் அதையே காரணமாகக் காட்டி விவாகரத்துக் கேட்க இந்துத் திருமணச் சட்டம் 13-ஆம் பிரிவில் இடம் தருகிறது. இதெல்லாம் தெரியாமல் "ஒன்றும் ஆகாது, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லும் ஊழியர் பிற்பாடு பொய்யராகிறார். ஞானஸ்நானம் கேட்டு வருகிறவரை முதலில் ஒரு வக்கீலிடம் அனுப்புவதில் விசுவாசக் குறைவு ஒன்றும் கிடையாது.

குடும்பமும் கல்யாணமும் நற்செய்தியின் குறுக்கே நிற்பது இந்தச் சீமைக்குப் புதிதல்ல. தேவகோட்டையிலிருந்து அதிக தூரமில்லாத ஓரியூரில் 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி அருளானந்தர், அதாவது இயேசு சபைத் துறவி ஜான் தெ பிரிட்டோ, தலை வெட்டப்பட்டு இறந்தார். நோய் நீங்கித் திருமுழுக்குப் பெற விரும்பிய தடியத்தேவர் என்ற மறவர் தலைவருக்கு மனைவியர் பலர். ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்க வேண்டும் என்பது நிபந்தனை. விலக்கப்பட்டவர்களில் ஒருவர் இராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுப் பெண். அவர் கிழவன் சேதுபதியிடம் போய் முறையிட்டார். நாம் இதை வேதசாட்சி மரணம் என்று பாடுகிறோம், சரிதான், 1947-இல் திருச்சபை அவரைப் புனிதர் என்றும் அறிவித்தது. ஆனால் அந்தப் பெண்ணின் பக்கமிருந்து ஒரு நிமிடம் பாருங்கள். ஒரு பரதேசி வந்தார், புதுச் சாமியைச் சொன்னார், புருஷன் வீட்டை விட்டுப் போகச் சொன்னான். அவளுக்கு நற்செய்தி என்று எதுவும் வந்துசேரவே இல்லை, வந்தது தள்ளிவைப்பு. இன்றைக்கும் பல வீடுகளில் நம் செய்தி முதலில் போய்ச் சேருவது அந்த வடிவில்தான்.

இயேசுவே இதை அறிந்திருந்தார். லூக்கா 14-இல் விருந்துக்கு அழைக்கப்பட்டவர்கள் சொல்லும் மூன்று சாக்கு: வயல் வாங்கினேன், ஐந்து ஏர் மாடு வாங்கினேன், பெண்ணைக் கல்யாணம் பண்ணினேன். சொத்து, தொழில், குடும்பம். விருந்தின் மேல் யாருக்கும் வெறுப்பு இல்லை. அவரவருக்கு அவரவர் வேலை.

இனி யோசித்துச் சொல்லும் மறுப்பு. தேவாரம் திருவாசகம் ஓதி வளர்ந்த ஒருவரிடம் "நானே வழியும் சத்தியமும் ஜீவனும்" என்று ஆரம்பித்தால், அவர் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரிலிருந்து பதில் சொல்வார்: "யாதொரு தெய்வங் கொண்டீர் அத்தெய்வமாகி யாங்கே மாதொரு பாகனார்தாம் வருவர்." நீ எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டாலும் அந்தத் தெய்வமாக அங்கே வருவது சிவனே. இந்த நிலையில் நிற்பவருக்கு இயேசுவை மறுக்க வேண்டிய தேவையே இல்லை, அவர் கணக்கில் இயேசு ஏற்கெனவே வரவில் இருக்கிறார். அவர் மறுப்பது "மட்டும்" என்ற ஒரு சொல்லை. சிறுகூடல்பட்டிக்காரரான கண்ணதாசன் அர்த்தமுள்ள இந்துமதம் எழுதியவர், இயேசு காவியமும் எழுதியவர். இரண்டையும் ஒரே கை எழுதியதில் செட்டிநாட்டில் யாருக்கும் வியப்பில்லை. நமக்குத்தான் வியப்பு.

மறுபிறப்பு என்ற சொல்லால் வரும் குழப்பம் இன்னொன்று. "ஒருவன் மறுபடியும் பிறவாவிட்டால் தேவனுடைய ராஜ்யத்தைக் காணமாட்டான்" என்று யோவான் 3-ஐ எடுத்துப் பேசுகிறோம். கேட்பவர் சைவர். பிறவி என்பதே அவருக்கு அறுக்க வேண்டிய தளை. "பிறவாமை வேண்டும்" என்று காரைக்காலம்மையார் கேட்டதாகப் பெரியபுராணம் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர். அவரிடம் போய் மறுபடியும் பிறக்க வேண்டும் என்றால், எதிலிருந்து தப்ப நினைக்கிறாரோ அதையே பரிசாக நீட்டுவது போல. "மேலிருந்து பிறப்பது" என்றும் அந்தக் கிரேக்கச் சொல்லுக்குப் பொருள் உண்டு. அப்படி விளக்கினால் பேச்சு நகரும், இல்லையென்றால் முதல் வாக்கியத்திலேயே முட்டி நிற்கும்.

பாவம் என்ற சொல் அதைவிடச் சிக்கல். பேச்சுத் தமிழில் "ஐயோ பாவம்" என்றால் இரக்கம். "பாவம் புண்ணியம்" என்றால் செய்த செயலின் கணக்கு. பிறந்த குழந்தையும் பாவி என்று நாம் சொல்லும்போது ஆச்சிக்குக் கோபம்தான் வரும், ஏனென்றால் அவர் காதில் அது அந்தக் குழந்தையைத் திட்டுவது. சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலம் என்று ஒன்று உண்டு, உயிரோடு தொன்றுதொட்டு ஒட்டிவரும் இருள். செம்பில் களிம்பு போல என்று உவமை சொல்வார்கள். கிறிஸ்தவ ஆதிப்பாவமும் ஆணவமும் ஒன்றல்ல, ஆனாலும் "செயலுக்கு முந்திய கோளாறு ஒன்று மனிதனிடம் இருக்கிறது" என்று பேச்சைத் தொடங்க அது நல்ல வாசல். "தேவன்" என்ற சொல்லும் இந்த மாவட்டத்தில் கவனிக்க வேண்டியது. தேவர் என்பது சாதிப் பட்டமாக இருக்கும் ஊரில் "தேவன் உன்னை அழைக்கிறார்" என்றால் சிரிப்பு வந்தாலும் குற்றம் சொல்ல முடியாது. ஆண்டவர், கடவுள் என்ற சொற்கள் அங்கே நன்றாகவே வேலை செய்கின்றன.

கடன் உவமைக்கு வருவோம். நமக்கு எதிரான கையெழுத்தைக் குலைத்துச் சிலுவையில் ஆணியடித்தார் என்கிறது கொலோசெயர் 2. வட்டிக்கடைப் பரம்பரையில் இது எடுபடும் என்று நினைத்துப் பலர் இதையே பிரசங்கிக்கிறார்கள். எடுபடாது. கொடுக்கல் வாங்கல் தெரிந்தவர்களிடையே கடன் தள்ளுபடி என்றால் மஞ்சள் கடுதாசி. வாங்கியதைக் கட்ட முடியாதவன் கொடுக்கும் திவால் நோட்டீஸ், குடும்பத்துக்கே அவமானம். "உன் கடன் எல்லாம் இலவசமாகத் தள்ளுபடி" என்பது அவர்களுக்கு நல்ல செய்தியாகக் கேட்காது. வினையை நான் அனுபவித்துத் தீர்த்துக்கொள்கிறேன், இன்னொருத்தர் ஏன் கட்ட வேண்டும் என்பதுதான் மானமுள்ளவரின் பதில். ஜாமீன் நின்றவர் கட்டினார் என்று சொன்னால் அது வேறு. அங்கே கடன் தள்ளுபடியாகவில்லை, பைசா பாக்கியில்லாமல் அடைபட்டது, பேரேட்டில் கணக்கு நேரானது. சிலுவையைப் பற்றிப் பவுல் சொல்வதற்கும் இதுவே நெருக்கம்.

எல்லாவற்றையும்விடக் கனமான கேள்வி இன்னொன்று இருக்கிறது. "எங்க ஐயா தர்மவான். சத்திரம் கட்டினார், கோயில் திருப்பணி செய்தார், ஒரு பொய் சொன்னதில்லை. இயேசு பேரையே கேட்டதில்லை. அவர் இப்ப எங்கே?" ஜப்பானில் பிரான்சிஸ் சவேரியாரிடம் புதுக் கிறிஸ்தவர்கள் இதையே கேட்டு அழுதார்கள் என்று அவரே 1552-இல் கடிதம் எழுதியிருக்கிறார். நரகம்தான் என்று அவர் பதில் சொன்னார், அவர்கள் அழுகை நிற்கவில்லை. இன்றைய கத்தோலிக்கத் திருச்சபை அப்படிச் சொல்வதில்லை. தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், உண்மை மனதோடு கடவுளைத் தேடி மனச்சாட்சிப்படி வாழ்ந்தவர்களும் மீட்படைய முடியும் என்று 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. மற்றச் சபைகளில் இரண்டு விதமாகவும் போதிக்கிறார்கள். உங்கள் சபை எதைச் சொல்கிறதோ அதைத் தெரிந்துகொண்டு போங்கள். ஆனால் இருபத்திரண்டு வயது ஊழியர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, மாலை போட்ட படத்தைக் காட்டி "அவர் நரகத்தில்" என்று சொன்னால், அந்த வீட்டார் எழுப்பி வெளியே அனுப்பாமல் மோர் கொடுப்பது அவர்கள் பெருந்தன்மை.

நம் பக்கக் கோளாறுகளும் சில உண்டு. தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனரி சீகன்பால்குவும் அவர் கூட்டாளியும் 1712 முதல் 1714 வரை தமிழர்களிடம் கேள்விகள் அனுப்பிப் பதில் வாங்கினார்கள். ஜெர்மன் மொழியில் அச்சான அந்தக் கடிதங்கள் மொத்தம் 99. கிறிஸ்தவர்களை ஏன் மதிக்கவில்லை என்பதற்கு வந்த பதில்களில் தத்துவத்தோடு கூட நடைமுறைக் குறைகளும் இருக்கின்றன: மாடு தின்கிறார்கள், குடிக்கிறார்கள், உடம்பைக் கழுவிச் சுத்தமாக இருப்பதில்லை, இறந்தவருக்குச் செய்ய வேண்டிய காரியங்களைச் செய்வதில்லை. முந்நூறு வருடம் ஆகிறது. கடைசிக் குறை இன்றும் அப்படியே நிற்கிறது. அதற்கும் நூறு ஆண்டுக்கு முன், 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி, புலால் விட்டு, தமிழும் சமஸ்கிருதமும் படித்து இதற்கு ஒரு வழி தேடினார். 1623-இல் போப்பாண்டவர் அனுமதியும் கிடைத்தது. பிற்பாடு நடந்த சண்டையில் 1744-இல் ரோம் அந்த வழக்கங்கள் பலவற்றை நிறுத்தியது. நொபிலியின் முறையிலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது, சாதியை அப்படியே விட்டுவைத்தது.

அந்த ஓட்டை வழியாகத்தான் இன்னொரு கூட்டத்தின் மறுப்பு வருகிறது. செட்டிநாடு என்றால் நகரத்தார் மட்டும் கிடையாது. சேரிகளிலும் போய்ச் சொல்லியிருப்பீர்கள். அங்கே வரும் கேள்வி வேறு: "அங்க வந்தா மட்டும் சரிசமமா உக்கார வைப்பாங்களா?" கத்தோலிக்க, சீர்திருத்தச் சபைகள் இரண்டிலுமே தனித்தனிக் கல்லறை, தேர் எந்தத் தெரு வழியாகப் போகும் என்று வழக்குகள் நடந்த மாநிலம் இது. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் கோவிலுக்குள்ளேயே சாதிக்கொரு பகுதி என்று தடுத்து வைத்திருந்து, அது உயர் நீதிமன்றம் வரை போனது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016-இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. இதோடு சட்டமும் சேர்கிறது. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு, பிறகு 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும். கிறிஸ்தவராக மாறினால் அது போய்விடும், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு வருவார்கள். கல்லூரி இடம், வேலை ஒதுக்கீடு, ஊராட்சித் தனித்தொகுதி, 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு எல்லாம் இதில் அடங்கும். மகள் கவுன்சிலிங்குக்குக் காத்திருக்கும் வீட்டில் "ஆலோசித்துச் சொல்றோம்" என்றால் அதற்கு அர்த்தம் இது.

இன்னும் சில பிழைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொப்புடையம்மன் தேர் ஓடும் ஊரில் அம்மனைப் பிசாசு என்று மைக்கில் சொல்வது ஒன்று. அதைச் சொன்ன தெருவில் அதன்பின் ஒரு வீட்டுக் கதவும் மனதாரத் திறக்காது. மாத்திரையை நிறுத்து, ஜெபம் போதும் என்று சொல்வது இன்னொன்று. சர்க்கரைக்காரர் இன்சுலினை நிறுத்தினால் சில நாளில் ஆஸ்பத்திரியில் கிடப்பார், அல்லது காடு சேருவார். மறுப்பு அங்கே முடிவதில்லை, போலீஸ் வரை போகும். அரிசி, பள்ளிச் சேர்க்கை, வேலை என்று ஏதாவது ஒன்றை நற்செய்தியோடு கட்டிக்கொடுப்பது மூன்றாவது. வாங்கினவரையே ஊர் நம்பாது, கொடுத்தவரை எப்படி நம்பும்?

பகுத்தறிவு பேசுகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் பிள்ளையாரை மறுத்த அதே காரணத்தால் இயேசுவையும் மறுக்கிறார்கள், ஓரவஞ்சனை கிடையாது. அற்புதம், கன்னிப் பிறப்பு, நல்லவருக்கு ஏன் கஷ்டம் என்று கேட்பார்கள். கடைசிக் கேள்விக்கு யோபு புத்தகமே நேரான பதில் தரவில்லை. தெரிந்ததைப் போல நடிக்காமல் இருந்தால் போதும், அவர்களோடு நெடுநேரம் நன்றாகப் பேசலாம்.

அப்படியானால் என்னதான் செய்வது? வீடு வீடாகப் போவதைக் குறையுங்கள். மாதம் முப்பது வீட்டுக்குப் போவதைவிட நான்கு வீட்டுக்கு நான்கு முறை போவது மேல். முதல் இரண்டு முறை கேட்பதற்கு மட்டும் போங்கள்: எந்தக் கோயில், படைப்பு எப்போது, தைப்பூசத்துக்குப் பழனிக்கு யார் நடந்து போனது, பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்தார்களா. இருபத்தொரு இழைத் திரி போட்டு மாவோடு சுடராக அப்படியே வாயில் போட்டுக்கொள்ளும் அந்த வழக்கத்தை ஆச்சி விவரிக்க ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் ஆகும், உட்கார்ந்து கேளுங்கள். தனி ஆளாகப் பையனையோ மருமகளையோ ஒதுக்கிப் பேசாதீர்கள். வீட்டுப் பெரியவர் முன்னிலையில் பேச முடியாத எதையும் அந்த வீட்டில் பேச வேண்டாம். பதினெட்டு வயது ஆகாதவருக்குப் பெற்றோருக்குத் தெரியாமல் ஒன்றும் செய்யக் கூடாது. கல்யாணமானவர் என்றால், விசுவாசம் இல்லாத துணையை விட்டுப் பிரியாதே என்று 1 கொரிந்தியர் 7 சொல்வதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், அந்த வீட்டுக்குப் பாதிப் பயம் போய்விடும்.

"வேண்டாம்" என்று ஒருவர் தெளிவாகச் சொன்னால் அதை மறுப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள், "இன்னும் நேரம் வரவில்லை" என்று மாற்றி எழுதாதீர்கள். அத்தேனேயில், அதாவது ஏதென்ஸ் நகரில், பவுல் பேசி முடித்தபோது சிலர் கேலி பண்ணினார்கள், சிலர் இன்னொரு நாள் கேட்கிறோம் என்றார்கள், சிலர் சேர்ந்தார்கள். அவர் யாரையும் துரத்திக்கொண்டு போகவில்லை, அவர்கள் நடுவிலிருந்து புறப்பட்டுப் போனார்.

துண்டறிக்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட அந்த ஆச்சி வீட்டுக்கு அடுத்த முறை போகும்போது கையில் துண்டறிக்கை வேண்டாம். சாமி வீட்டில் சாய்ந்து நிற்கும் பழையதைப் பற்றியும் கேட்க வேண்டாம். மோரைக் குடித்துவிட்டு, சுவரில் மாலை போட்டிருக்கும் படத்தில் இருப்பது யார் என்று கேளுங்கள். அவர் ஐயாவைப் பற்றிச் சொல்லி முடிக்க நேரம் ஆகும். முடித்ததும் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பார், அதற்கு என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே யோசித்து வைத்திருங்கள்.